கோர்ஸ் அண்ணை

லண்டனில் எங்கள் ஆட்கள் பத்துப் பேர் கூடினால் அதில் ஒருவர் கோர்ஸ் அண்ணை. ஈஸ்ட்ஹாமில் இருப்பவர் கொஞ்சம் பருமன், டூட்டிங்கில் இருப்பவருக்குத் தலைமுடி குறைவு. மற்றப்படி ஒரே ஆள்தான். எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஹரோவில் இருக்கிறார். சாமத்திய வீட்டு ஹோலில் மட்டன் ரோல் ஒன்றைக் கடித்தபடி சும்மா இருப்பார். யாராவது முகம் வாடி, "நேற்று கமரா அடிச்சுப்போட்டுது" என்று சொன்னால் போதும். ரோல் தட்டுக்குத் திரும்பிவிடும். கதிரை முன்னுக்கு நகரும்.

"முப்பது றோட்டோ, நாப்பது றோட்டோ?"

"முப்பது அண்ணை."

"ஃபிளாஷ் ஒண்டோ, ரெண்டோ?"

"ரெண்டு மாதிரி..."

"முன்னாலயோ, பின்னாலயோ?"

"பின்னாலதான்."

"அப்ப கட்ஸோ" என்று தீர்ப்புச் சொல்வார். மேசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு அந்தக் கமராவின் குலம் கோத்திரம் வரும். அதைக் கண்டுபிடித்தவர் கட்ஸோனிடஸ் என்ற டச்சுக்காரர், கார்ப் பந்தயக்காரர், 1953இல் மொன்டே கார்லோ ராலியையே வென்றவர். வளைவுகளில் தான் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறேன் என்று அறியத்தான் முதலில் அந்தக் கருவியைச் செய்தார். "தான் இன்னும் கெதியா ஓடுறதுக்குச் செய்த சாமானடா அது! இப்ப எங்களை ஓடவிடாமல் மஞ்சள் பெட்டிக்குள்ள குந்தியிருக்குது" என்று அண்ணை சொல்லும்போது குரலில் வரலாற்றுத் துயரம் தெரியும்.

இவர் வக்கீல் அல்ல. நாற்பது வயதுக்குமேல் காசு கட்டிக் கட்டிப் படித்த படிப்பு இது.

பிரித்தானியாவில் கமராவில் அகப்பட்டால், கார் யாருடைய பெயரில் பதிந்திருக்கிறதோ அவருக்குப் பொலிஸ் கடிதம் 14 நாளுக்குள் வந்துசேர வேண்டும். இந்தப் பதினான்கு நாளும் அண்ணை வீட்டில் மரக்கறிதான். தபால்காரர் வரும் நேரத்துக்குக் குளிக்கக்கூடப் போகமாட்டார். கதவு ஓட்டையால் விழுவது பீட்சாக் கடை விளம்பரம் என்றால் அதை இரண்டு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். பதினைந்தாம் நாள் காலை வீட்டுக்குள் சீட்டியடிக்கும் சத்தம் கேட்கும். மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி.

கடிதம் வந்துவிட்டால் வேறு நாடகம். அன்று காரை ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால் லைசன்ஸில் ஆறு தண்டப் பொயிண்ட். இந்தக் கட்டத்தில் ஹோலில் யாராவது ஒரு புத்திசாலி குனிந்து, "மனிசியின்ர பேரைப் போட்டுவிடுங்கோவன்" என்பார். அண்ணைக்குக் கோபம் வருவதை அப்போதுதான் பார்க்கலாம். கிறிஸ் ஹியூன் என்ற அரசியல்வாதியின் கதையை எடுப்பார். 2003இல் மோட்டர்வேயில் கமராவில் அகப்பட்டவர். பொயிண்டை அப்போதைய மனைவி விக்கி பிரைஸ் தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். ஆள் பிறகு அமைச்சரானார், குடும்பம் பிரிந்தது, கதை வெளியே வந்தது. 2013இல் இருவருக்கும் எட்டெட்டு மாதச் சிறை. "மூண்டு பொயிண்டுக்கு மந்திரிப் பதவியும் போய் மனிசியும் போய் மறியலும் போனவன்ரா!" என்று முடிப்பார். இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் துளி வளைவு கிடையாது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய மனைவி வேறு மாதிரிச் சொல்கிறார்: "என்ர பேரைப் போட்டால் ஆர் நம்புவான்? நான் இருபதுக்கு மேல ஓடுறேல்லை எண்டு அந்தக் கமராவுக்கே தெரியும்."

வேக எல்லை என்பது அண்ணைக்குக் கணக்குப் பாடம். முப்பது என்று எழுதிய பலகை அவர் கண்ணுக்கு முப்பத்துநான்கு. காரணம், "பத்து வீதமும் ரெண்டும்". பொலிஸ் தலைவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வழிகாட்டல் அது: எல்லை வேகம், அதில் பத்து வீதம், மேலே இரண்டு மைல். அந்தக் கணக்கில் முப்பது றோட்டில் 35இலிருந்துதான் வழக்கமாக நடவடிக்கை. 42 வரை என்றால் பொயிண்டுக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பு, அதாவது கோர்ஸ், கிடைக்கலாம். அதற்கு மேலே பொயிண்ட். 50ஐத் தொட்டால் கோர்ட். சட்டப்படி 31உம் குற்றம்தான் என்று யாராவது சொன்னால், அப்பாவிப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அதோடு விடுவதும் இல்லை. "மீற்றர் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைச்சுக் காட்டச் சட்டம் விடாது" என்று இன்னொரு இரண்டைச் சேர்த்துக்கொள்வார். அதுவும் உண்மைதான். இப்படி எல்லா உண்மையையும் கூட்டிக் கூட்டித்தான் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் 37இல் அகப்பட்டார்.

கோர்ஸ் என்பது மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் சலுகை. முதல் குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் இன்னொன்று நடந்தால் பொயிண்டைத் தவிர வழியில்லை. அண்ணையின் குசினியில் தொங்கும் தமிழ்க்கடைக் கலண்டரில் பிரதோஷம், ஏகாதசி, கந்தசஷ்டி ஆகியவற்றோடு ஒரு திகதியைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அன்றுதான் அவருக்குத் திரும்பவும் தகுதி வருகிறது.

முன்பு ஏதோ ஒரு ஹோட்டல் மண்டபத்துக்குப் போய் இருக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் வீட்டில் இருந்தபடியே, கணினியில், இரண்டரை மூன்று மணித்தியாலம். லைசன்ஸைக் கமராவுக்குக் காட்ட வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது. முகம் தெரிய வேண்டும். பரீட்சை இல்லை, ஆனால் வாய் திறக்காமல் இருந்தால் கோர்ஸை முடித்ததாக எடுக்கமாட்டார்கள். அண்ணை அன்று மனைவியிடம், "இஞ்சரும், பத்து மணி மட்டும் குக்கரைப் போடாதையும்" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒவ்வொருவராக ஏன் வேகமாக ஓடினீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டார். அண்ணை இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த பதிலைச் சொன்னார்: "எல்லாக் காரும் போன வேகத்தில நானும் போனன்."

"ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கா?" என்றார் அந்தப் பெண்மணி.

அதைவிடப் பெரிய இடி திரையின் கீழ்வரிசையில் இருந்தது. கோவில் பொருளாளர். முதல்நாள் இரவுதான், "நாளைக்கு பேர்மிங்ஹாமில ஒரு செத்தவீடு, கூட்டத்துக்கு வரேலாது" என்று அண்ணையிடம் தொலைபேசியில் சொன்னவர். இரண்டு பேரும் மூன்று மணித்தியாலம் ஒருவரையொருவர் தெரியாதவர்களாக, மிகுந்த அக்கறையோடு பயிற்சியாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிய அண்ணையின் கையில் வழக்கத்தைவிட இரண்டு வடை கூட விழுந்தது. ஒரு சொல் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கோர்ஸில் விஷயம் இருக்கிறது. தெருவிளக்கு வரிசையாக நிற்கும் றோட்டில், வேறு பலகை இல்லாவிட்டால், எல்லை முப்பது என்பது இருபத்தைந்து வருடம் லண்டனில் கார் ஓடிய அண்ணைக்கு அன்றுதான் தெரியும். டுயல் கரிஜ்வே என்பது இரண்டு லேன் இருப்பதால் அல்ல, நடுவில் பிரிப்பு இருப்பதால்தான் என்பதும் அன்றுதான். முப்பதில் போகும் கார் பிரேக் அடித்து நிற்க 23 மீற்றர், நாற்பதில் 36 மீற்றர். பத்து மைலுக்குப் பதின்மூன்று மீற்றர்! இந்தக் கணக்கு அவரை உண்மையாகவே உலுக்கிவிட்டது. பின்னால் ஹோர்ண் அடிக்க அடிக்க முப்பதிலேயே ஓடினார். பக்கத்தில் இருந்த மனைவி, "இஞ்சருங்கோ, காரில ஏதும் பிழையோ?" என்று கேட்டார். இரண்டு கிழமைக்குப் பிறகு கார் பழையபடி சரியாகிவிட்டது.

உண்மையில் அண்ணை பொலிசுக்குப் பயந்தவர் அல்ல. தண்டப்பணத்துக்கும் பயந்தவர் அல்ல. ஃபைன் நூறு பவுண், கோர்ஸும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அவர் பயப்படுவது இன்சூரன்ஸுக்கு. மூன்று பொயிண்ட் விழுந்தால் லைசன்ஸில் நாலு வருடம் கிடக்கும். இன்சூரன்ஸ்காரர் ஐந்து வருடக் கதை கேட்பார்கள். கோர்ஸ் போனால் பொயிண்டும் இல்லை, குற்றப்பதிவும் இல்லை. ஆனாலும் சில கம்பனிகள் கோர்ஸைப் பற்றியும் கேட்கின்றன; கேட்டால் உண்மை சொல்ல வேண்டும், 2012ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. அண்ணை இதற்குக் கண்ட வழி, அந்தக் கேள்வி கேட்காத கம்பனியைத் தேடுவது.

இன்சூரன்ஸ் முடிய மூன்று கிழமை இருக்கும்போது தேடல் தொடங்கும். தொழில் என்ற இடத்தில் "கடை முகாமையாளர்" என்று ஒருமுறை, "சில்லறை வணிகர்" என்று ஒருமுறை போட்டுப் பார்ப்பார். இரண்டும் பொய் அல்ல, இரண்டுக்கும் விலை வேறு. இரவில் கார் எங்கே நிற்கும்? கராஜ் என்று போட ஆசைதான். கராஜுக்குள் பதினாறு மூட்டை அரிசியும் பழுதாய்ப்போன ஃபிரிட்ஜும் ஒரு கல்யாண மணவறையும் இருக்கின்றன. பெருமூச்சோடு "வீட்டு முன்றல்" என்று அழுத்துவார்.

சென்ற வருடம் மகன் லைசன்ஸ் எடுத்தான். கேட்ட விலை அண்ணையின் முதல் காரின் விலையைவிடக் கூட. "உங்கட பேரில எடுத்துப்போட்டு அவனை ஓடவிடுங்கோ" என்று ஹோலில் ஆலோசனை வந்தது. அது மோசடி என்று அவருக்குத் தெரியும், மறுத்துவிட்டார். கடைசியில் மகனின் சின்னக் காருக்குக் கறுப்புப் பெட்டி பூட்டிய இன்சூரன்ஸ் எடுத்தார்கள். வேகம், பிரேக், எத்தனை மணிக்கு ஓடியது எல்லாவற்றையும் அது கம்பனிக்குச் சொல்லும். நல்லாக ஓடினால் விலை இறங்கும், கெட்டால் ஏறும், மோசமாகக் கெட்டால் இன்சூரன்ஸையே நிறுத்திவிடுவார்கள். காசைக் குறைக்க அண்ணையின் பெயரையும் இரண்டாவது சாரதியாகச் சேர்த்தார்கள்.

போன சனிக்கிழமை காலை அவர் பில்லிங்ஸ்கேற் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது மகன் தொலைபேசியோடு படியில் நின்றான்.

"அப்பா, விடிய அஞ்சு மணிக்கு என்ர காரை எடுத்தது நீங்களோ?"

"ஓம், என்ர காருக்கை மீன் மணக்கும்."

"முப்பது றோட்டில முப்பத்திநாலு. ஆறு இடத்தில. எல்லாம் சிவப்பு. வோர்னிங் வந்திருக்கு."

"முப்பத்திநாலுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாதடா! பத்து வீதமும் ரெண்டும்..."

"பெட்டிக்கு அது தெரியாதப்பா."

அண்ணை விளைமீன் பையை நிலத்தில் வைத்தார். கொஞ்சநேரம் அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அவங்களுக்கு ஒருக்கா அடிச்சுக் கேள். இதுக்குக் கோர்ஸ் ஏதும் தருவாங்களோ எண்டு."