தாங்கியின் நெற்றிப்பட்டம்

மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கிமேல், யானையின் நெற்றிப்பட்டம்போல் நீளவாக்கில் அமர்ந்து, வேகமானி, எரிபொருள்மானி, எச்சரிக்கை விளக்குகள் முதலியவற்றைச் சுமக்கும் உறையே தாங்கி டாஷ் எனப்படும். ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1936இல் வெளியிட்ட இஎல் வண்டியில் இவ்வுறை, இடம் வலமாகப் பிரிந்திருந்த இரு தாங்கிகளின் நடுவிலுள்ள பிளவை மறைக்கவும் உதவியது. ஒற்றைத் தாங்கி கொண்ட பஜாஜ் அவென்ஜர் போன்ற பிற்கால வண்டிகளிலோ, மறைக்கப் பிளவேதும் இல்லாதபோதும், வேலை ஒழிந்த பின்னும் ஒழியாத பதவியைப்போல் அது நிலைத்துவிட்டது.

வெயிலில் காய்ந்து, திருகாணி பூட்டும் காதுகள் ஒடிந்த டாஷுக்கு மாற்றுத் தேடும் கொழும்புவாசி, மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைக்குச் செல்வதே மரபு. 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டப நாடக அரங்கு அங்கேதான் இருக்கிறது. ஆயினும் சுற்றியுள்ள உதிரிப்பாகக் கடைகளில் நடைபெறும் நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை. காலையில் காணாமற்போன பக்கக் கண்ணாடியை மாலையில் அங்கே விலைகொடுத்து வாங்கலாம் என்பது நகரத்தின் பழைய பகிடி. அரிய வண்டி வைத்திருப்பவருக்கோ அந்த ஆறுதலும் இல்லை. அவருக்காகக் களவுபோக நகரில் இன்னொரு வண்டி இருப்பதில்லை.

கடைமொழியில் ‘ஒறிஜினல்’ என்பது உற்பத்தியாளரே செய்த பொருளையும், ‘ரீகண்டிஷன்’ என்பது பாவித்த நிலையில் வெளிநாட்டிலிருந்து வந்ததையும், ‘செட் பண்ணலாம்’ என்பது வேறொரு வண்டிக்குரியதை அறுத்துத் துளையிட்டு ஒட்டுவதையும் குறிக்கும். டாஷைப் பொறுத்தவரை முதலிரண்டும் ‘இல்லை’ என்பதன் மரியாதை வடிவங்களே, மூன்றாவதே வணிகம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய வண்டியோடு காலந்தள்ள நேர்ந்தவர்கள் இச்சொற்பொருளை நன்கு அறிவர்.

அதுவும் கைகூடாதபோது, கண்ணாடிநாரையும் பிசினையும் அச்சின்மேல் அடுக்கிப் புதிய உறையை வார்க்கலாம். அந்த அச்சுக்கு மூலம் உடைந்த டாஷே என்பதால், அதைக் குப்பையில் எறிந்துவிட்டு வந்தவர், தம் வண்டியின் வளைவுகளைக் காற்றில் கையால் வரைந்துகாட்டும் நடனக் கலைஞராகிறார்.

வடிவம் பொருந்தினாலும் மின்சாரம் முரண்டுபிடிக்கும். தாங்கியினுள் மிதவை ஏறி இறங்கும்போது மாறுகின்ற மின்தடையை முள்ளசைவாகக் காட்டுவதே எரிபொருள்மானி. நிறைந்த தாங்கிக்குச் சில வாகனங்களில் தடை குறைவாகவும் வேறு சிலவற்றில் கூடுதலாகவும் இருப்பதால், இனம்மாறிப் பூட்டப்பட்ட மானியின் முள், பெற்றோல் வற்ற வற்ற நிறைவை நோக்கி ஏறும். 2022இல் கியூஆர் குறியீட்டு முறையின்கீழ் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் மட்டுமே கிடைத்த நாட்களில், அத்தகைய மானி நாட்டில் வேறெவரும் காணாத செழிப்பைக் கண்டிருக்கும்.

ஆகவே, பஞ்சிகாவத்தைக்குப் புறப்படுவோர் உடைந்த டாஷைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுசெல்வது நன்று. புதியதைப் பூட்டிய பின்னரும், மூடியைத் திறந்து வண்டியை ஒருமுறை குலுக்கிப் பார்க்கும் பழக்கத்தை அவர்கள் கைவிடலாகாது.