கத்திரி வெயிலும் கடிகார வேகமும்: ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினி பற்றிய ஆய்வு

ஆய்வுக்களம், உத்திரமேரூர் வட்டம் சாலவாக்கத்தில் சாலையோரத்து ஜெராக்ஸ் கடை. ஆய்வுப்பொருள், அக்கடை மேசைக்கடியில் தண்ணீர் கேனுக்கும் பழைய பேப்பர் கட்டுக்கும் நடுவே குடியிருக்கும் டெஸ்க்டாப் கணினி. கடைக்காரரின் தம்பி மகன், இன்ஜினியரிங் இரண்டாமாண்டு, அதன் பிராசஸரை ஓவர்க்ளாக் செய்யத் துடிக்கிறான். கம்பெனி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்ட வேண்டுமாம். செய்யலாமா, எதுவரை செய்யலாம், எரிந்துபோனால் பெரியப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற மூன்று வினாக்களில் முதலிரண்டையே இக்கட்டுரை ஆராய்கிறது. மூன்றாவது அறிவியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இத்துறைக்குத் தொல்மரபு உண்டு. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவுச் சிப், 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 100 ஆக்கியதும் 300இலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவியது. 2000 வாக்கில் ஏஎம்டியின் டூரான், அத்லான் சிப்களின் முதுகில் அறுபட்டிருந்த நுண்ணிய இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்துச் சேர்த்தே, வேகத்துக்குக் கம்பெனி போட்ட பூட்டைத் திறந்தார்கள். கிராஃபைட் மின்சாரம் கடத்தும் என்ற பள்ளிக்கூடப் பாடம் உலகம் முழுக்கப் பயன்பட்ட தருணம் அது. அடுத்து வந்த அத்லான் எக்ஸ்பியில் கம்பெனிக்காரர்கள் அதே இடத்தில் லேசரால் குழி பறித்துவிட்டார்கள். பென்சில் யுகம் அத்தோடு முடிந்தது.

இன்றைய பூட்டு வெளிப்படையானது. இன்டெல்லில் மாடல் எண்ணின் வாலில் ‘கே’ இருக்க வேண்டும், மதர்போர்டும் ‘இசட்’ வரிசையாக இருக்க வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலான சிப்கள் திறந்தவை. ஆனால் ஏ320 போர்டு இடம் கொடுக்காது, பி450 கொடுக்கும். கடைக் கணினி சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் ஆனது: ரைசன் 3 2200ஜி, பி450 போர்டு. பில் போட்ட அன்று கடையில் ஏ320 ஸ்டாக் தீர்ந்திருந்ததே இந்த ஆய்வின் தோற்றுவாய்.

சிப் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஆதாரம் பக்கத்திலேயே கல்லில் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையை விவரிக்கின்றன. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 921 கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்குள் வயது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கு. தேறியவர் பெயரெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். சிப் தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஒவ்வொன்றையும் சோதித்துத் தகுதிப்படி பிரித்து, தேறியவற்றை ஒரே பெயரிட்டு டப்பாவில் அடைக்கிறார்கள். ரிச்சி தெருக் கடைப் பையன் அலமாரியில் கைவிட்டு ஒன்றை எடுக்கிறான். ஒரே மாடலில் ஒரு சிப் 4 கிகாஹெர்ட்ஸ் ஏறும், இன்னொன்று 3.8இலேயே மூச்சு வாங்கும். அடுத்தவன் எட்டிய எண்ணை அப்படியே காப்பியடிப்பது எவ்வளவு அபத்தம் என்பதைச் சோழர் காலத்துச் சபை உணர்ந்திருந்தது என்று துணிந்து கூறலாம். மறுப்போர் கல்வெட்டைப் படிக்கட்டும்.

இனி வெப்பம். இங்குதான் ஆய்வின் உயிர்நிலை இருக்கிறது. சிப் கக்கும் சூடு வேகத்தோடு நேர்விகிதத்திலும் வோல்ட்டேஜோடு இருமடி விகிதத்திலும் ஏறும். வேகத்தை 3.5இலிருந்து 3.9 ஆக்க, வோல்ட்டேஜை 1.25இலிருந்து 1.35 ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். வேகம் கூடுவது 11 சதவீதம். சூடு கூடுவது 30 சதவீதம். அந்த 11 சதவீதமும் கணக்குக்குத்தான். இந்தச் சிப் யாரும் சொல்லாமலே தேவைப்படும்போது 3.7 வரை தானாக ஏறிக்கொள்ளும். வட்டிக்கடைக்காரரே வெட்கப்படும் பேரம்.

போதாததற்கு, வழிகாட்டிக் குறிப்புகள் எல்லாம் 20, 25 டிகிரி அறையில் எழுதப்பட்டவை. ஃபேன் வைத்த ஹீட்சிங்க் எதுவும் சிப்பை அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. அதற்கு மேல் எத்தனை டிகிரி என்பதில்தான் அதன் சாமர்த்தியம். அறையைவிட 50 டிகிரி கூடுதலாக ஓடும் சிப், மார்கழி அதிகாலையில் 72இல் நிற்கும். சித்திரை பிறந்து கத்திரி தொடங்கி, ஷீட் போட்ட கடைக்குள் 40 அடித்தால் அதே சிப் 90ஐத் தொடும். இதன் உச்சவரம்பு 95. ஆகவே மார்கழியில் செய்த ஓவர்க்ளாக் எதுவும் ஓவர்க்ளாக் ஆகாது, முன்னோட்டம் மட்டுமே. பரீட்சையைக் கத்திரியில், பகல் இரண்டு மணிக்கு வைக்க வேண்டும்.

கேபினட் மூடி பற்றி இரு பள்ளிகள் உண்டு. பக்க மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவைப்போர் ஒரு சாரார், மூடியே வைப்போர் மறுசாரார். முன்னவர் கொள்கை வேறெங்கும் செல்லலாம், இங்கே செல்லாது. சாலவாக்கத்தைச் சுற்றிக் கல்குவாரிகள். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் கடையைத் தாண்டிப் போகின்றன. கழற்றிப் பார்த்தபோது ஹீட்சிங்க் தகடுகளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு படலம். பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டினால்தான் அலுமினியமே தெரிந்தது. அதைத் துடைத்து, காய்ந்து பொடியான பழைய தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாக வைத்ததிலேயே ஃபேன் இரைச்சல் பாதியாகிவிட்டது. பேஸ்ட்டை நடுவில் பட்டாணி அளவு வைப்பதா, பெருக்கல் குறி போடுவதா, தடவி விடுவதா என்ற விவாதம் நெடியது. மூன்றும் சரியே என்பது இவ்வாய்வாளரின் கருத்து. குழாயைக் காலி செய்வது மட்டும் தவறு.

செயல்முறை சுருக்கமானது. முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பயாஸில் உள்ள எண்களை நோட்டில் எழுதிக்கொள்க. பெருக்கியை (மல்டிப்ளையர்) ஒன்று கூட்டினால் 100 மெகாஹெர்ட்ஸ் ஏறும். ஒவ்வொரு படிக்கும் பிரைம்95 போன்ற சோதனை மென்பொருளை ஓட்டி, வெப்பத்தைக் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும். 85ஐத் தாண்டினால் ஒரு படி இறங்குக. நீலத்திரை வந்தால் வோல்ட்டேஜைச் சிறுதுளி கூட்டலாம். இரண்டாம் முறையும் வந்தால் ஆசையைக் குறைக்கலாம். கணினி எழவே மறுத்தால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போர்டிலுள்ள நாணய பேட்டரியைச் சற்று நேரம் கழற்றிப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வரும். யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்குவது கூடாது. பரீட்சை நடுவே கரண்ட் போனால், குற்றவாளி சிப்பா மின்சாரமா என்று எந்த நிபுணராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீலத்திரையைவிடக் கொடியது சத்தமில்லாத பிழை. எல்லாம் ஓடுவதுபோல் தோன்றும், உள்ளே கணக்குத் தப்பும். வாடிக்கையாளரின் பட்டா விண்ணப்பத்தை இந்த நிலையில் தட்டச்சு செய்வது ஆய்வு அறத்துக்கு முரணானது. ஓவர்க்ளாக்கில் சிப் கெட்டால் வாரண்டியும் கைகொடுக்காது.

முடிவுகள்: 3.9 கிகாஹெர்ட்ஸ் நிலைத்தது. பையன் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“எவ்ளோ ஏறிச்சு?”

“தானா ஓடினதைவிட 200 மெகாஹெர்ட்ஸ், பெரியப்பா.”

“அப்ப இது ஏன்டா இன்னும் சுத்துது?”

திரையில் வருவாய்ச் சான்றிதழ் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. சர்வர் டவுன். சர்வரின் பெருக்கி பையனின் பயாஸில் இல்லை. கணினி ஆன் ஆகவே நான்கு நிமிடம் பிடிப்பதற்கும் பிராசஸர் காரணமன்று, உள்ளே கடகடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் என்பதும் வழியில் தெரியவந்தது. அதைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டார்கள். பெருக்கி மறுபடி 35க்கே இறங்கியது.

மேலாய்வுக்கு இடமுள்ள துறை: ஜெராக்ஸ் மெஷின் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் தள்ளும் என்பதை உயர்த்த முடியுமா? கருதுகோள் தயார், ஸ்க்ரூடிரைவரும் தயார். பெரியப்பாவின் அனுமதி நிலுவையில் உள்ளது.