கூரை வீடு, மேல்படி

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பெண் கொடுக்க வருகிறவர்கள், மாப்பிள்ளையின் படிப்பை விசாரிப்பதற்கு முன்பே கூரையை நிமிர்ந்து பார்த்துவிடுவார்கள். கீற்றுக்கூரை என்றால் மோரைக் குடித்துவிட்டு, "கலந்து சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

எங்களுடையது கீற்றுக்கூரைதான். ஒன்றரை அடிக் கனத்தில் மண்சுவர். ஆடியில் அப்பாயி அடுப்படி ஓரமாகச் சுரைவிதை ஊன்றினால், புரட்டாசிக்குள் கூரை முழுக்கக் கொடி படர்ந்துவிடும். காய் உருளாமலிருக்க வைக்கோலைச் சும்மாடாகச் சுற்றி அடியில் வைக்க வேண்டும். பெரியவர்கள் ஏறினால் கூரை தாங்காது என்பதால் அந்த வேலை என் தலையில் விழும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் யாராவது தெருவில் வந்தால் இலைகளுக்குள் படுத்துக்கொள்வேன். பூரான் விழும், எலி ஓடும், வருஷா வருஷம் கீற்று மாற்றச் செலவு. அடுப்புப் பொறி பறந்தால் ஊரே குடத்தோடு ஓடிவரும். அந்த வாழ்க்கையை இன்று யாராவது சொர்க்கம் என்று எழுதினால், அவர் கூரை வேய்ந்தவரில்லை.

அப்பா கடன் வாங்கித் தளம் போட்டார். கான்கிரீட் போட்ட அன்று கிடா வெட்டு. அந்தச் சித்திரையில்தான் தெரிந்தது, பகலெல்லாம் தளம் குடித்த வெயிலை ராத்திரி நம் மேல் இறக்கும் என்று. குடும்பமே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். அப்பா மட்டும் கீழேயே வியர்த்துக்கொண்டு படுத்திருந்தார். தான் போட்ட தளத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அரசாங்கமும் எங்கள் கட்சிதான். 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தபோது, 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்குவது என்று இலக்கு வைத்தார்கள்.

இப்போது அக்கா மகன் கோயம்புத்தூருக்கு வெளியே வீடு கட்டியிருக்கிறான். கட்டியிருக்கிறான் என்பது தவறு, இறக்கியிருக்கிறான். சுவர்கள் டிரெய்லரில் வந்தன, கிரேன் தூக்கி நிறுத்தியது. இரண்டு பக்கமும் சிமெண்ட் போர்டு, நடுவில் நாலு அங்குலம் தெர்மாகோல். 2017இல் தண்ணீர் ஆவியாகாமலிருக்க வைகை அணையில் மிதக்கவிட்டதிலிருந்து அந்தப் பொருளின் பேரைக் கேட்டாலே நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கணக்கு சிரிக்கிற மாதிரி இல்லை. செங்கல் கடத்தும் சூட்டில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். அந்த நாலு அங்குலத்துக்கு ஈடுகட்ட ஆறடிக்கு மேல் கனத்தில் செங்கல் சுவர் எழுப்ப வேண்டும். 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', கூரை வழியே இறங்கும் சூட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். அப்பா கிடா வெட்டிய தளம் 3 வாட்டைத் தாண்டும்.

சூட்டை உள்ளே விடாத சுவர், உள்ளே பிறந்த சூட்டை வெளியேயும் விடாது. குழம்பு கொதித்தால், நாலு பேர் கூடினால், ஜன்னலைத் திறக்க வேண்டும், அல்லது சின்னதாக ஒரு ஏ.சி. ஓட வேண்டும். கீற்று வீட்டில் இறவாரமே அந்த வேலையைப் பார்த்தது.

அக்காவின் வருத்தம் வேறு. முருகன் படத்துக்குச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம்.

"எங்க எதை மாட்டணும்னு ஃபேக்டரியிலேயே சொல்லியிருக்கணும்மா."

"முருகனுக்கு நான் ஃபேக்டரியில ஆர்டர் குடுக்கணுமாடா?"

கூரையில்தான் விசேஷம். தண்ணீர் இறங்காத பூச்சு, வேர் துளைக்காத ஷீட், வடிகால் ஷீட், வடிகட்டும் துணி, அதற்கு மேல் தென்னைநார்க் கழிவு கலந்த நாலு அங்குல மண். மழையில் ஊறினால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் கீழே இரும்புச் சட்டம். வளர்க்கத் தகுந்த செடிகளுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள்: டேபிள் ரோஸ், கற்றாழை என்று போகிறது. சுரைக்கு அதில் இடமில்லை. அக்கா பட்டியலைப் படிக்கவில்லை.

"பசுமைக் கூரை மாமா, உலகமே இதுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கு" என்றான் மருமகன். நாங்கள் அங்கிருந்து கடன் வாங்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் என்பதை நான் சொல்லவில்லை.

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. வங்கியில் அவனுக்கு வீட்டுக்கடன் இழுத்தடித்தது. "தவணை கட்டாம வீட்டைக் கழற்றி லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டா, நாங்க எதை சார் ஜப்தி பண்றது?" என்று கேட்டாராம் மேனேஜர். நியாயமான கேள்விதான். நேரில் வந்தவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், பிறகு பின்பக்கம் போய், செங்கல்லில் கட்டியிருந்த செப்டிக் டேங்கை மட்டும் திருப்தியோடு படம் எடுத்துக்கொண்டார்.