தையல் பிரித்த பிறகு: தலைக்காயம் கேள்வி-பதில்

கேள்வி: பைக் விபத்தில் தலையில் அடிபட்ட மகனை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். சீட்டின் கடைசியில் ‘பிசியோதெரபி’ என்று ஒரு வரி. அது அவ்வளவு முக்கியமா? (ஒரு தாய், விழுப்புரம்)

பதில்: இனி அதுதான் மருந்து, அம்மா. அறுவை சிகிச்சை உயிரைக் காப்பாற்றியது. உங்கள் மகனின் நடையையும் பேச்சையும் மீட்கவேண்டியது பயிற்சி. அழிந்த மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. மிச்சமிருக்கும் பகுதிகள் புது இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு அந்த வேலைகளைக் கற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்கும். நடக்க பிசியோதெரபிஸ்ட், சட்டைப் பொத்தான் போட, தானே சாப்பிட ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேசவும் விழுங்கவும் ஸ்பீச் தெரபிஸ்ட், மறதிக்கும் கோபத்துக்கும் நியூரோ சைக்காலஜிஸ்ட். நால்வரில் யார் யார் தேவை என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அட்மிஷன் சீட்டில் ‘ஜி.சி.எஸ். 7’ என்றிருந்தது. பாஸ் மார்க் எவ்வளவு? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: இந்தத் தேர்வில் பாஸ், ஃபெயில் இல்லை, தம்பி. 1974-ல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பு, பேச்சு, உடல் அசைவு மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை போடுவார்கள். 8 வரை தீவிரக் காயம். அந்த எண் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்கத் தொடங்கியது எந்த நாளில் என்று குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். மீட்சியைக் கணிக்க அது பெரிதும் உதவும்.

கேள்வி: மண்டையோட்டின் ஒரு துண்டைத் தம்பியின் வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்களாம். நிஜமா? (வாசகி, தேனி)

பதில்: நிஜம், பயப்படாதீர்கள். வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்கத்தான் எலும்பை எடுக்கிறார்கள். அது கெடாமல் இருக்க வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைக்கிறார்கள். வீக்கம் வடிந்ததும் பழைய இடத்தில் பொருத்துவார்கள். அதுவரை எலும்பு எடுத்த பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டாம். எழுந்து நடக்கும்போது தலைக்குப் பாதுகாப்புக் கவசம் வேண்டும். பொருத்துவதற்குக் கொடுத்த தேதியை நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அடிபட்டதிலிருந்து என் கணவர் எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறார். மாமியார் ‘திமிர்’ என்கிறார். நான் என்ன சொல்வது? (வாசகி, ஈரோடு)

பதில்: ‘அத்தை, இது காயம்’ என்று சொல்லுங்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைதான் கோபத்துக்குக் கடிவாளம். 1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில்பாதை வேலையில் ஃபினியஸ் கேஜ் என்பவரின் தலையை இரும்புக் கம்பி துளைத்துப் போனது. பிழைத்தார், ஆனால் ஆளே மாறிவிட்டார் என்றார்கள் நண்பர்கள். பலரும் கதையை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலையே அவரைத் தேற்றியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அந்த ஒழுங்கைக் கொண்டுவரலாம். டிவி ஓடுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, குழந்தை அழுகிறது, நடுவே நீங்கள் கரண்ட் பில் எங்கே என்கிறீர்கள். காயம்பட்ட மூளையால் இத்தனையும் ஒருசேரத் தாங்க முடியாது. டிவியை அணைத்துவிட்டு ஒரு நேரத்தில் ஒரு விஷயம் பேசுங்கள். குளியல், சாப்பாடு, தூக்கம் தினமும் அதே நேரத்தில் நடக்கட்டும். அவர் கை ஓங்கினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்; விலகி நின்று, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் அவரைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் ஓய்வெடுங்கள்.

கேள்வி: சினிமாவில் மறுபடி தலையில் அடிபட்டால் நினைவு திரும்புகிறதே? (வாசகர், மதுரை)

பதில்: சினிமாவில் மட்டும்தான். முதல் அடி ஆறுவதற்குள் அடுத்தது விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நிஜச் சம்பவத்தை வைத்து 2012-ல் வந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படம் நினைவிழப்பைச் சரியாகக் காட்டியது: அடிபட்டவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். அவரிடம் ‘ஞாபகமிருக்கா?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். விடையை நீங்களே சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவையுங்கள். ஒரே நோட்டுப் புத்தகம், அதற்கு ஒரே இடம், மாத்திரைக்கு போன் அலாரம்: இவை நல்ல பலன் தரும்.

கேள்வி: சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனாலும் தலைவலி, அசதி. நடிக்கிறேன் என்கிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: ஸ்கேனைவிட உங்கள் உடம்பு சொல்வதை நம்புகிறேன். சி.டி. ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நரம்பிழைகளின் சேதம் பெரும்பாலும் அதில் தெரியாது. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தலைவலி கூடினால், வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாசனை தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியாவிட்டால் கேஸ் கசிவதுகூடத் தெரியாது. டாக்டர் சொல்லும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

கேள்வி: கையில் காசில்லை, ஊரில் தெரபிஸ்ட்டும் இல்லை. (விவசாயி, திருவண்ணாமலை)

பதில்: வழி இருக்கிறது, ஐயா. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பக்கத்திலுள்ள வேலூர் சி.எம்.சி.யில் 1966 முதல் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. அதற்கு வித்திட்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். சாலை விபத்து என்றால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாமதிக்காமல் மனு போடுங்கள். தெரபி, ஆட்டோ, துணையாள் செலவுக்கு எல்லாம் ரசீது சேருங்கள். மூளைக்காயத்தால் வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்பட்ட ஒரு சிறுமிக்கு, துணையாள் கூலியையும் கணக்கிட்டு 62 லட்சத்துக்கு மேல் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2020-ல்.

கேள்வி: அண்ணனுக்கு அடிபட்டு மூன்று வருஷம். ‘ஆறு மாதத்தில் வந்ததுதான், இனி வராது’ என்கிறார்கள். (வாசகர், தூத்துக்குடி)

பதில்: முதல் ஆறு மாதம் வேகம் அதிகம், அப்புறம் குறையும், ஆனால் நின்றுவிடாது. ‘பழைய ஆளாகணும்’ என்ற இலக்கை எடுத்துவைத்துவிட்டு, இந்த மாதத்துக்கு ஒன்று வையுங்கள்: தெருமுனைக் கடையில் அவரே பால் வாங்கி, மிச்சச் சில்லறையை எண்ணி வரவேண்டும். எண்ணத் தடுமாறினால் நீங்கள் எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள், காத்திருங்கள். அது வந்துவிட்டால் அடுத்த மாதம் ரேஷன் கடை.