விளக்கணைப்பு இயல்: ‘டேக் மீ அவுட்’டுக்கு ஓர் உரை

‘வீட்டுக்கு விளக்கேற்ற ஒருத்தி வேண்டும்’ என்று சொல்லிப் பெண் தேடுவது நாமறிந்த வழக்கு. பிரிட்டனின் ஐடிவி 2010 முதல் 2019 வரை ஒளிபரப்பிய ‘டேக் மீ அவுட்’ என்னும் ஜோடி தேடும் நிகழ்ச்சி இவ்வழக்கைத் தலைகீழாகக் கொண்டது. அங்கே விளக்குகள் முன்னரே எரியும், எண்ணிக்கை 30. விளக்குக்கு ஒரு பெண். ஆண்மகன் பாட்டு முழங்க மேலிருந்து லிஃப்டில் இறங்குவான். பிடிக்காதவள் பொத்தானை அழுத்தித் தன் விளக்கை அணைப்பாள்.

இதற்குரிய நூற்பாவைத் தொகுப்பாளர் பேடி மெக்கின்னஸ், போல்டன் ஊரினர், ஓதியருளினார்: ‘நோ லைக்கி, நோ லைட்டி.’ நாற்சீர் அளவடி. முதற்சீரும் மூன்றாம் சீரும் ஒன்றியதால் பொழிப்பு மோனை. ஈற்று இகரங்கள் செய்யுள் விகாரம் என்க. வெறும் கொஞ்சல் என்பாரும் உளர்.

இனி, திணை யாது? 30 விளக்கும் அணைந்தால் அது ‘பிளாக்அவுட்’. செலின் டியோன் குரலில் ‘ஆல் பை மைசெல்ஃப்’ ஒலிக்க அவன் வெளியேறுவான். ஒருதலைக் காமமாதலின் கைக்கிளை எனின், அன்று. கைக்கிளைக்கும் தலைவி ஒருத்தி வேண்டும். இவனோ இன்னும் எவளையும் குறிக்கவில்லை. இரண்டுக்கு மேல் விளக்கு எஞ்சினால் அணைக்கும் உரிமை அவன் கைக்கு மாறும். சற்றுமுன் வரை நடுங்கி நின்றவன் அப்போது நடக்கும் நடை இருக்கிறதே, அதற்குத் தனி இயலே எழுதலாம். முடிவில் ஒருத்தியோடு ‘ஃபெர்னாண்டோஸ் தீவு’ செல்வான். அப்பெயரில் தீவு எதுவும் இல்லை. பிற்காலப் படப்பிடிப்பு நடந்தது டெனெரீஃபில்.

ஆய்வின் உயிர்நிலை இங்கே. ஜோடி கிடைத்தவள் மேடையை விட்டுப் போகிறாள், அவளிடத்தில் வேறொருத்தி. அணைத்தவளுக்கோ அடுத்த வாரமும் மேடை உண்டு. ஆக, வாரந்தோறும் முகம் தெரிய விரும்புகிறவளுக்குப் பொத்தானே கற்பகத்தரு. காலணி சரியில்லை, சிரிப்பு சரியில்லை என்று அணைத்தவர்களைச் சலனபுத்தி என்று பழித்தது நம் அவசரம். அது தொழில் நுட்பம்.

அற்றேல், கடைசிவரை எரியவிட்டு நின்றவள்? அவளுக்கு லைக்கி உண்டு, லைட்டியும் உண்டு. அவன் வந்து அணைத்துவிட்டுப் போனான். இதற்கு நூற்பா இல்லை.