டிராயருக்குள் ஒரு நோட்டு: கேள்வி - பதில்

● மில் மேலாளர், கோவை
எல்லாக் கோப்புகளையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம். இனி நாங்களும் டிஜிட்டல் நிறுவனம்தானே?

முன்பு பீரோவில் தேடினீர்கள், இப்போது கம்ப்யூட்டரில் தேடுகிறீர்கள். லீவு லெட்டருக்கு ஏழு கையெழுத்து வாங்கிய இடத்தில் இன்று ஏழு கிளிக் என்றால், மிச்சமானது பேனா மை மட்டும். 'எதற்கு ஏழு?' என்று யாராவது கேட்டார்களா? அந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

● தொழிற்சாலை மேலாளர், ஓசூர்
இரண்டு கோடி ரூபாய்க்கு சாஃப்ட்வேர் வாங்கி ஆறு மாதமாகிறது. பலன் தெரியவில்லை. எம்.டி. என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை.

மின்சாரத்துக்கும் இதே கதிதான். எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கில் 1882-இல் ஓடத் தொடங்கியது. அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் துள்ளி எழுந்ததோ 1920-களில். இடையில் என்ன நடந்தது என்று பால் டேவிட் என்ற பொருளியலாளர் 1990-இல் ஒரு கட்டுரையில் அலசினார். பல ஆலைகள் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தன. கூரையில் ஓடிய தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று பிரித்து, வேலை நகரும் வரிசைப்படி ஆலையையே மாற்றி அடுக்கிய பிறகுதான் லாபம் கண்ணில் பட்டது. நீங்கள் மோட்டார் வாங்கியிருக்கிறீர்கள், பழைய பெல்ட்டைக் கழற்றவில்லை. அதற்காக எம்.டி.யிடம் நாற்பது வருஷம் டைம் கேட்டுவிடாதீர்கள்.

● கிளை மேலாளர், கும்பகோணம்
மூத்த ஊழியர்கள் புது சிஸ்டத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். வயதானால் டெக்னாலஜி வராதோ?

அமெரிக்காவில் இருக்கும் பேத்தியை வீடியோ காலில் கொஞ்சுகிறார்கள், க்யூஆர் கோடு காட்டிக் கீரை வாங்குகிறார்கள். வராமல் என்ன? முப்பது வருஷமாக 'அவரைக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்' என்று பெயர் வாங்கியவரை, ஒரே திங்கட்கிழமையில் பாஸ்வேர்டு மறந்த மனிதராக்கிவிட்டீர்கள். கோபம் கம்ப்யூட்டர் மேல் இல்லை. நம் நாட்டு வங்கிகளில் எந்திரமயத்தை எதிர்த்துச் சங்கங்கள் கொடி பிடித்த காலமும் இருந்தது. 1983-இல் நிர்வாகமும் சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். உங்கள் கிளையில் அப்படி உட்கார ஒரு மேஜையும் இரண்டு டீயும் போதும்.

● கணக்குப் பிரிவுத் தலைவர், சென்னை
சாஃப்ட்வேருக்கு ஏற்ப நாங்கள் மாற வேண்டுமா, எங்களுக்கு ஏற்ப சாஃப்ட்வேர் மாற வேண்டுமா?

ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட்டைக் கேளுங்கள். சரக்குக் கையிருப்பை அவர்கள் கொள்முதல் விலையில் கணக்கு வைப்பார்கள். வாங்கிய எஸ்.ஏ.பி. (SAP) மென்பொருளோ விற்பனை விலையில் கணக்குப் பார்க்கும். 'எங்கள் வழக்கத்தை விடமாட்டோம்' என்று மென்பொருளில் ஒட்டு மேல் ஒட்டுப் போட்டார்கள். ஏழு வருஷம், சுமார் 50 கோடி யூரோ செலவு. 2018-இல் அந்தத் திட்டத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள். ரெடிமேடு சட்டை வாங்கி, பிரித்து, வேட்டியாகத் தைக்கப் பார்த்த கதை. உங்கள் வழக்கம் வாடிக்கையாளரை இழுத்து வருகிறதென்றால் காப்பாற்றுங்கள். 'அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்' என்பது மட்டுமே காரணமென்றால், அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாறுங்கள்.

● ஜவுளிக்கடை மேனேஜர், திருச்சி
தீபாவளிக்கு முன்னால் புது பில்லிங் சிஸ்டம் தொடங்க முதலாளி நல்ல நாள் குறித்துவிட்டார். சரிதானே?

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியும் 1999-இல் ஹாலோவீன் பண்டிகைக்குச் சற்று முன்புதான் புது சிஸ்டத்தைத் தொடங்கியது. கிடங்கில் சாக்லேட் இருந்தது, கடைக்குப் போய்ச் சேரவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர் கை நழுவியது. கடைப் பையன்கள் ஈ ஓட்டும் வாரம் எதுவோ, அதுதான் உங்களுக்குச் சுபமுகூர்த்தம்.

● விற்பனை மேலாளர், ஈரோடு
எங்கள் ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். அதுவும் டிஜிட்டல்தானே?

ஆர்டரைக் கண்டுபிடிக்க எத்தனை 'குட் மார்னிங்' ரோஜாக்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

● ஆடிட்டர், மதுரை
கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?

சொல்லாது என்று நம்பியவர்களால் பிரிட்டனில் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆனார்கள். அங்கே 1999 முதல் துணை அஞ்சலகங்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணக்கு சிஸ்டம் வந்தது. கல்லாவில் பணம் குறைவதாகத் திரை காட்டியது. பல ஆண்டுகள் ஊரே நம்பிய அஞ்சலகக்காரர்கள் 'கணக்கு சரிதான், சிஸ்டத்தில்தான் கோளாறு' என்று அழுதார்கள். 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்று பலரிடமும் சொல்லப்பட்டது. சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீடு வாசல் இழந்தார்கள். தண்டனைகளை ரத்து செய்யத் தனிச்சட்டம் வந்தது 2024-இல். கம்ப்யூட்டர் தப்பாகத்தான் சொன்னது. திரையை நம்பி மனிதர்களைச் சந்தேகித்தது நிர்வாகம்.

● ஐ.டி. மேலாளர், பெங்களூரு
சிஸ்டம் கவிழ்ந்தால் என் தலை உருளுமா?

உருளலாம். பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018-இல் வாடிக்கையாளர் கணக்குகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றியபோது, ஏராளமானோர் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள். வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம். 2023-இல் தகவல் தொழில்நுட்பத் தலைவருக்குத் தனியாக 81,620 பவுண்டு. வேலையை வெளியாரிடம் ஒப்படைத்ததில் போதிய கண்காணிப்பு இல்லை என்பது குற்றச்சாட்டு. வென்டர் 'ரெடி சார்' என்றால் கை குலுக்காதீர்கள். 'எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள்.

● நிர்வாக மேலாளர், சிவகாசி
புது சாஃப்ட்வேர் வந்த பிறகும் எங்கள் ஸ்டோர் கீப்பர் டிராயரில் ஒரு நோட்டு வைத்துத் தனியாக எழுதுகிறார். பிடுங்கி எறிந்துவிடலாமா?

பிடுங்காதீர்கள், காபி வாங்கிக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். 'இந்த லாரி மூன்று மணிக்கு மேல்தான் வரும்', 'இந்தப் பார்ட்டிக்கு எண்ணிக் கொடுக்கணும், மூட்டைக் கணக்கு ஆகாது', 'மழை என்றால் காகிதக் கட்டைப் பின் அறைக்கு மாற்று' என்று இருக்கும். சாஃப்ட்வேரில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை, ஏனென்றால் அதைச் செய்தவர்கள் உங்களிடம் பேசினார்கள், அவரிடம் பேசவில்லை. இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டுக் கொடுங்கள். அப்புறமும் எழுதினால், இன்னும் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி காபி.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். உங்கள் கேள்வி எனக்கு இன்லாண்ட் லெட்டரில், நீல மையில், கையால் எழுதி வந்தது. அழகான கையெழுத்து. ஸ்டோர் கீப்பருக்கும் காட்டுங்கள், ரொம்ப சந்தோஷப்படுவார்.