வாக்கு 21, பலம் பூஜ்யம்

நியூயார்க் நகரத்தின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் நாசோ கவுண்டி. அமைதியான புறநகர். மக்கள் சுமார் 14 லட்சம். ஆள்வதற்கு ஒரு கவுண்டி அரசு, மூன்று டவுன்கள், இரண்டு நகரங்கள், 64 கிராமங்கள், 56 பள்ளி வட்டாரங்கள். போதாதென்று குப்பைக்கு, தண்ணீருக்கு, தீயணைப்புக்கு, பூங்காவுக்கு என்று தனித்தனி வட்டாரங்கள் 200க்கும் மேல். கிராமம் என்றதும் ஆலமரத்தடியைத் தேடாதீர்கள். அதற்கும் மேயர் உண்டு. அதற்கும் வரி உண்டு.

1898இல் குவீன்ஸ் கவுண்டியின் மேற்குப் பகுதியை நியூயார்க் நகரம் விழுங்கியது. விழுங்காமல் விட்ட மூன்று டவுன்கள் 1899இல் நாசோவாயின. டவுன், நகரத் தலைவர்கள் கூடும் சூப்பர்வைசர் வாரியம்தான் ஆட்சி. பிறகு இரண்டாம் உலகப் போர் முடிந்தது, வயலெல்லாம் வீடானது. 1950க்கும் 1960க்கும் இடையில் மக்கள்தொகை 6.7 லட்சத்திலிருந்து 13 லட்சமானது. வாரியத்தில் நாற்காலி? அதே ஆறு.

அநியாயம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே! ஆளுக்கொரு எடை போட்டு வாக்கைப் பிரித்தார்கள். 1964 கணக்கு இது. ஹெம்ப்ஸ்டெட்டின் இரண்டு உறுப்பினர்களுக்கு ஆளுக்கு 31. ஆய்ஸ்டர் பேக்கு 28. நார்த் ஹெம்ப்ஸ்டெட்டுக்கு 21. இரண்டு நகரங்களுக்கும் இரண்டிரண்டு. ஜெயிக்க 58 வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். முதல் மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் காரியம் முடிந்தது. மற்ற மூவரும் ஒன்றாகி, ஒரு 31ஐயும் இழுத்து வந்தால்கூட 56தான். ஆக, இரண்டு லட்சம் பேரின் பிரதிநிதி 21 வாக்கை மடியில் கட்டிக்கொண்டு வீட்டில் தூங்கியிருக்கலாம். முடிவு மாறாது. ஜான் பான்ஸாஃப் என்ற வழக்கறிஞர் இதை 1965இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். எடையை மாற்றி மாற்றிப் பூசி மெழுகினார்களே தவிர, தராசைத் தூக்கிப் போடவில்லை. நீதிமன்றம்தான் தூக்கியது. 1993இல்.

இதற்கிடையே ஒரு நாட்டாமை. ஜோசப் மார்ஜியோட்டா. கவுண்டி அரசில் பதவி எதுவும் கிடையாது. குடியரசுக் கட்சியின் உள்ளூர்த் தலைவர், அவ்வளவுதான். அரசு ஊழியர்கள் சம்பளத்தில் 1 சதவீதத்தைக் கட்சிக்குக் கப்பம் கட்டிய காலம் அது. அரசுக் காப்பீட்டின் தரகுப் பணத்தைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு வைத்த வழக்கில் 1981இல் மனிதர் குற்றவாளியானார்.

சீர்திருத்தமும் வந்தது. 1996 முதல் வாரியத்துக்குப் பதிலாக 19 பேர் கொண்ட கவுண்டிச் சட்டமன்றம். நான்கே ஆண்டில் கவுண்டியின் வரவு செலவைக் கண்காணிக்க மாநிலம் ஓர் ஆணையத்தை உட்கார வைத்தது. 2011இல் அந்த ஆணையம் நிதிக் கட்டுப்பாட்டைக் கையில் எடுத்தது. அமெரிக்காவின் பணக்காரக் கவுண்டிகளில் ஒன்று இது. செலவுக் கணக்குக்குக் காப்பாளர் தேவைப்பட்டது.

பின்னே? வீட்டுக்கு மதிப்புப் போடுவது கவுண்டி. அந்த மதிப்பில் பெரும்பங்கு வரியை வாங்குவது பள்ளி வட்டாரம். மதிப்புத் தவறு என்று வீட்டுக்காரர் ஜெயித்தால், பள்ளி வாங்கிய பணத்தையும் திருப்பித் தருவது கவுண்டி. அதுவும் பல காலம் கடன் வாங்கி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வட்டி மட்டும் வரி கட்டுபவரிடம்.

கேட்கலாம் என்றால் யாரை? பள்ளி பட்ஜெட்டுக்கு மே மாதம் வாக்கு. கவுண்டிக்கு நவம்பர். ஊரே வாக்களித்துவிட்டு வீடு திரும்பிய பிறகு, டிசம்பரில் தீயணைப்பு வட்டாரத்துக்குத் தேர்தல். யாரும் வராத நாளாகப் பார்த்து வைத்தால் அதற்குப் பெயர் ஜனநாயகம். வந்தவர் வட்டாரத்தின் சொந்தக்காரர்.

அன்று ஒரு டவுனுக்கும் இரண்டு நகரங்களுக்கும் மட்டும்தான் பூஜ்யம். இன்று வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறார்கள். அதிகாரப் பரவலாக்கம் என்றால் இதுதான் போலிருக்கிறது.